வயிறு வளரும், தோள் வளராது: பிரித்து மாட்டும் கர்ப்பகால உடைகள் தைத்த அனுபவம்

கர்ப்பிணிக்கு உடை எடுக்கப் போனால், தி.நகர் ரங்கநாதன் தெருவானாலும் சரி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடானாலும் சரி, பெரும்பாலும் எடுத்துப் போடுவது இரண்டு அளவு பெரிய நைட்டியும் குர்த்தியும்தான். வயிறு அதில் அடங்கிவிடும். ஆனால் தோள் தையல் கையில் இறங்கி நிற்கும். குனிந்தால் கழுத்து அகலும். கை தொளதொளவென்று தொங்கும். அவ்வளவு பெரிதாக எடுத்தும், ஐந்தாம் மாதம் வாங்கியது ஒன்பதாம் மாதம் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிரசவம் முடிந்ததும் பால் கொடுக்க வழியில்லாமல் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். மூன்று நான்கு மாத உபயோகத்துக்காக இவ்வளவு பணம் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

பெரம்பூரில் வீட்டோடு சேர்த்து ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸும் சுடிதாரும்தான் தினப்படி வேலை. கர்ப்பகால உடையைத் துண்டு துண்டாகப் பிரித்து மாட்டும்படி தைக்கத் தொடங்கியது என் தம்பி மனைவிக்காக. பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். "அண்ணி, கவுன்ட்டர்ல உக்கார்றவ நைட்டி மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டுப் போக முடியுமா? பாக்கறவங்களுக்கு நான் வேலைக்கு வந்த மாதிரி தெரியணும்" என்றாள். அவள் கேட்டது ரொம்ப நியாயம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக ஆக்கினார்கள். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் என்னிடம் வருகிற பெண்கள் நிறையப் பேர் அந்த 26 வாரத்தையும் குழந்தையோடு இருக்கத்தான் சேர்த்து வைக்கிறார்கள். ஒன்பதாம் மாதம் வரை பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் ஏறி இறங்குகிறார்கள். அதனால் வயிறு மிகப் பெரிதாக இருக்கிற மாதங்களில்தான் ஒழுங்கான வெளி உடுப்பு அவர்களுக்குத் தேவைப்படுகிறது. கடையில் அது கிடைக்காத மாதங்களும் அவைதான்.

மாதாமாதம் டேப் வைத்துப் பார்த்ததில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. உடம்பு மொத்தமாகப் பெருப்பதில்லை. தோள் அகலம், கழுத்து, முதுகு நீளம் இதெல்லாம் நாலாம் மாதத்தில் எப்படியோ ஒன்பதாம் மாதத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மார்பு முதல் மூன்று மாதத்திலேயே பெரிதாகிவிடும். விலா எலும்புக்கூடு சுற்றளவில் 5 முதல் 7 சென்டிமீட்டர் விரியும். வயிறு பக்கவாட்டில் போவதைவிட முன்னாலும் மேலேயும்தான் போகிறது. டாக்டர்களும் கருப்பையின் உயரத்தை நம்மைப் போல டேப் வைத்துத்தான் அளக்கிறார்கள். 12 வாரத்தில் அடிவயிற்று எலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கிற கருப்பை, 20 வாரத்தில் தொப்புளுக்கு வந்துவிடும். 36 வாரத்தில் மார்பெலும்பின் கீழ்முனைவரை ஏறும். 20 வாரத்துக்கு அப்புறம் எத்தனை வாரமோ, ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர். தையல்காரருக்கு இது பெரிய உதவி. இன்னும் இரண்டு மாதத்தில் முன்பக்க நீளம் எங்கே போய் நிற்கும் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக, மாறாத இடத்தை ஒரேயொரு முறை சரியாகத் தைத்துவிட வேண்டும், மாறுகிற இடத்தை மட்டும் கழற்றி மாட்ட வேண்டும். இது புது யோசனை ஒன்றும் இல்லை. 1938-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் எல்சி ஃபிராங்ஃபர்ட் என்ற இளம்பெண், கர்ப்பமாக இருந்த தன் சகோதரிக்காக ஒரு பாவாடை தைத்தார். வயிறு வருகிற இடத்தில் துணியையே வெட்டி எடுத்துவிட்டு, மேலே ஒரு சட்டையால் மறைத்தார். வயிறு அந்தத் திறப்பு வழியாக வளர, பாவாடையின் கீழ் ஓரம் முன்னால் தூக்காமல் சமமாக நின்றது. அதற்குக் காப்புரிமை வாங்கி, சகோதரிகள் சேர்ந்து பேஜ் பாய் என்ற நிறுவனத்தையே நடத்தினார்கள். நம் ஊரில் புடவையும் நாடா வைத்த உள்பாவாடையும் இதே வேலையைக் காலங்காலமாகச் செய்கின்றன. குர்த்தியும் பேன்ட்டும் வந்த பிறகுதான் நமக்கு இந்தப் பிரச்சினையே வந்தது.

நான் கடைசியில் வந்து நின்ற வடிவத்தைச் சொல்கிறேன். குர்த்தியின் பின்பாகம் தோளிலிருந்து கீழ்வரை ஒரே துணி. மார்புக்குக் கீழே முதுகுப் பக்கம் மட்டும் 5 அங்குல அகலத்துக்குத் தளர்வான எலாஸ்டிக் போகும். விலா விரிவதை அது பார்த்துக்கொள்ளும். முன்பாகத்தில் தோளிலிருந்து மார்புக்கு அடிவரை ஒரு துணி, அதை மேல்பாகம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே வயிற்றை மூடுகிற நடுத்துண்டு. இது தனியாகக் கழன்று வரும். இரண்டு பக்கமும் அக்குளுக்கு நாலு விரல் கீழே ஆரம்பித்துக் கீழ்வரை ஒரு பட்டன் பட்டி வரும். மேலே உள்ள இரண்டு பட்டன் மேல்பாகத்தைப் பிடிக்கும், மற்றவை நடுத்துண்டைப் பிடிக்கும். இந்தப் பட்டி பக்கத் தையலில் வரக் கூடாது. அதிலிருந்து இரண்டரை அங்குலம் முன்னால் தள்ளி வர வேண்டும். கடைசி மாதங்களில் ஒருக்களித்துத்தான் படுக்கச் சொல்கிறார்கள். பக்கத் தையலில் பட்டன் இருந்தால் உடம்பின் மொத்த எடையும் அதன்மேல் விழும். படுத்து எழுந்தால் இடுப்பில் பட்டன் அச்சு வரிசையாகப் பதிந்திருக்கும்.

நடுத்துண்டு மூன்று வகை. நாலாம் மாதத்திலிருந்து ஆறு வரை போட்டுக்கொள்ள லேசான டாட் (வடிவம் வரத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது) பிடித்த ஒன்று. ஏழிலிருந்து ஒன்பது வரை, மேலே சுருக்கு வைத்து 8 அங்குலம் கூடுதல் அகலம் விட்ட ஒன்று. பிரசவத்துக்கு அப்புறம் பால் கொடுக்க வசதியாக ஒன்று. இந்த மூன்றும் ஒரே பாடியில், அதாவது பின்பாகமும் மேல்பாகமும் சேர்ந்த நிலையான பகுதியில், மாட்ட வேண்டும் என்றால் ஒரே ஒரு விதிதான். இணைகிற ஓரம் மாறவே கூடாது, நடுவில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மேல் ஓரம் 13 அங்குலம் என்றால் மூன்று துண்டுக்கும் 13 அங்குலம். பக்க ஓரம் 24 என்றால் மூன்றுக்கும் 24. இரண்டாம் துண்டின் 8 அங்குல அகலமும் சுருக்கில் போய், மேல் ஓரத்துக்கு வரும்போது 13-க்குள் அடங்கியிருக்க வேண்டும்.

நீளத்தையும் இதே போலத்தான் கொடுக்க வேண்டும். வயிறு முன்னால் வந்ததும் துணி அதன்மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முன் ஓரம் மேலே தூக்கும். அதற்காகப் பக்க ஓரத்தை நீட்டினால் பட்டன் கணக்கு கெட்டுவிடும். இரண்டாம் துண்டின் கீழ் ஓரத்தை மட்டும் நடுவில் 3 அங்குலம் இறக்கி, வளைவாக வெட்டினேன். மேஜையில் விரித்தால் நாக்கு நீட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். கடையில் உதவிக்கு இருக்கிற பெண், "அக்கா, இது கோணலா வந்திருக்கே" என்று மடித்து வெட்டக் கத்திரிக்கோலை எடுத்தே விட்டாள். எட்டாம் மாத வயிற்றில் மாட்டிப் பார்த்தபோது அந்த நாக்கு மறைந்து, ஓரம் தரைக்குச் சமமாக நின்றது. இந்த அளவுக்குத் தோளின் உச்சியிலிருந்து மார்பு, வயிறு இரண்டின் மேலேயும் டேப்பைப் படியவிட்டு முழங்கால்வரை எடுங்கள். முதுகுப் பக்க நீளத்தையும் அதே மாதிரி எடுத்துக் கழியுங்கள். வருகிற வித்தியாசம்தான் வளைவின் ஆழம்.

எதை வைத்து இணைப்பது என்பதில்தான் எனக்கு நிறைய நேரம் போயிற்று. பழைய துணியில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். ஜிப் என்றால் இரண்டாகப் பிரிகிற ஜாக்கெட் ஜிப்தான் வேண்டும். குளிர்ப் பிரதேசங்களில் கர்ப்பிணிகள் தங்கள் ஜாக்கெட்டின் ஜிப்புக்கு நடுவில் கூடுதல் துண்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டுக்கொள்வார்கள். அங்கே துணி கனம், அதனால் ஜிப் அமர்ந்து நிற்கும். நம் மெல்லிய பருத்தியில் உட்கார்ந்தவுடன் ஜிப் வில்லாக வளைந்து வயிற்றின் இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்கிறது. இன்னொரு தொந்தரவும் உண்டு. ஒரு பாதி ஒரு கம்பெனியுடையது, மறு பாதி இன்னொரு கம்பெனியுடையது என்றால் பல்லின் அளவு ஒரே எண்ணாக இருந்தாலும் மாட்டாமல் போகலாம். ஜிப்தான் வேண்டும் என்பவர்கள் எல்லாத் துண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே எண், ஒரே நீளத்தில் ஒன்றாக வாங்கிவிடுங்கள். இழுப்பான் இருக்கும் பாதி எப்போதும் பாடியில்தான், அல்லது எப்போதும் துண்டில்தான் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெல்க்ரோவை நான் ஒதுக்கிவிட்டேன். அதன் முள் பக்கம் துவைக்கும்போது மற்ற துணியின் நூலைப் பிடித்து இழுக்கிறது. கொஞ்ச நாளில் பஞ்சு அடைத்துப் பிடிப்பு போய்விடுகிறது. அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையின் காதோரம் அதை 'பர்ர்' என்று பிரிக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. காந்தப் பட்டனும் வேண்டாம். கழன்று குழந்தை வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அழுத்தி மாட்டுகிற டிச் பட்டன் சுலபம்தான். ஆனால் மலிவான இரும்பு டிச் பட்டன், போர் தண்ணீர் உப்பாக இருக்கிற நம் ஊரில் சீக்கிரம் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறை விடும். வயிற்றுத் தோல் விரிந்து ஏற்கெனவே அரிக்கிற நேரம் அது. உலோகப் பட்டனில் இருக்கும் நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. போட்டால் பிளாஸ்டிக் டிச் பட்டன் போடுங்கள், உள்பக்கம் ஒரு துணிப் பட்டியும் கொடுங்கள். இழுவை அதிகம் இருக்கிற வயிற்றுப் பக்கம் இதையும் நான் நம்புவதில்லை. தும்மினால் திறந்துகொள்ளும்.

கடைசியில் சாதாரணச் சட்டைப் பட்டன்தான் நின்றது. 18 லைன் (பட்டனின் அளவு எண்), நாலு துளை, தட்டையானது. வெளியே தெரியாமல் மறைவுப் பட்டிக்குள் வரும். இங்கே காஜாவை, அதாவது பட்டன் நுழையும் துளையை, குறுக்கே எடுக்க வேண்டும். சட்டையில் நெட்டுக்கு எடுப்போம், அங்கே இழுவை குறைவு. வயிற்றுப் பக்கமோ துணி குறுக்கே இழுக்கும். நெட்டு காஜாவாக இருந்தால் துளை வாய் பிளந்து பட்டன் நழுவிவிடும். வயிறு மிக உருண்டு நிற்கிற இடத்தை முதலில் குறித்துக்கொண்டு அங்கே ஒரு பட்டன் கட்டாயம் வரும்படி வையுங்கள். அங்கிருந்து மேலும் கீழும் 3 அங்குலத்துக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். பட்டனைச் சௌகார்பேட்டையில் மொத்தமாக ஒரு குரோஸாக (144 பட்டன்) வாங்கிவிடுவேன். பட்டன் அளவு கொஞ்சம் மாறினாலும் காஜா பழைய துண்டுக்கு இறுகும், புதுத் துண்டுக்குத் தளரும்.

பட்டன் இடத்தைச் சாக்பீஸ் வைத்துக் கண் மதிப்பில் குறிக்காதீர்கள். ஒரு குர்த்திக்கு அது போதும். நாலு மாதம் கழித்துத் தைக்கப்போகிற துண்டு இன்றைக்குத் தைத்த பாடியில் மாட்ட வேண்டுமே. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை இரண்டு அங்குல அகலப் பட்டையாக வெட்டி, பட்டன் வருகிற இடத்தில் துளை போட்டு வைத்திருக்கிறேன். அட்டையில் துளை நாளடைவில் பெரிதாகிவிடும், ஃபிலிமில் அப்படி ஆகாது. இடது பட்டி, வலது பட்டி, மேல் ஓரம் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டை. எது மேல் பக்கம் என்று மார்க்கரில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு கவரில் இதைப் போட்டுப் பெயர் எழுதி வைத்துவிடுவேன்.

துணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கர்ப்பக் காலத்தில் உடம்பு சாதாரணமாகவே சூடாக இருக்கும். கத்திரி வெயிலில் இங்கே இரட்டைத் துணி போட்டுக்கொண்டு நிற்க முடியாது. இணைக்கிற இடமெல்லாம் இரட்டிப்புத் துணி வருவதால் அங்கேதான் வியர்வை தேங்கும். பட்டியின் அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பாடிக்கு மெல்லிய கேம்பிரிக், நடுத்துண்டுக்கு மல் அல்லது சுங்குடி. பட்டிக்குள் வைக்கும் கேன்வாஸும் மெலிதாகவே இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டு நிழலில் உலர்த்திவிடுங்கள். சுங்குடியைத் தனியாகக் கல் உப்பு போட்டு. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பாடி தினம் துவைபட்டுச் சுருங்கியிருக்க, நடுத்துண்டு அலமாரியில் புதிதாகவே இருந்தால் 24 அங்குல ஓரம் இரண்டும் பொருந்தாது.

நிறமும் அப்படித்தான். ஒரே தானில், அதாவது ஒரே துணிச் சுருளில், வெட்டிய துணியாக இருந்தாலும், பாடி நாலு மாதம் மொட்டை மாடி வெயிலில் காய்ந்து வெளுத்திருக்கும். புதுத் துண்டை மாட்டினால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். அதனால் ஒரே நிறத்தில் தைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாடி ஒற்றை நிறம், நடுத்துண்டு கலம்காரியோ சுங்குடியோ அச்சுப்போட்ட துணியோ. வெளுத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒரே பாடியில் வேறு வேறு துண்டை மாட்டும்போது பார்ப்பவருக்கு வேறு வேறு குர்த்தியாகத்தான் தெரியும். என் தம்பி மனைவி நீலப் பாடி ஒன்று, மெரூன் பாடி ஒன்று, துண்டுகள் சில என்று வைத்துக்கொண்டு வாரம் முழுக்க ஓட்டினாள். கூட வேலை பார்க்கிறவர்கள் "எத்தனை டிரஸ்தான் வாங்கினே?" என்று கேட்டார்களாம்.

பேன்ட்டுக்கும் இதே யோசனைதான், ஆனால் வேலை சுலபம். கால் பகுதி ஒன்று, இடுப்புத் துண்டு மாறும். முதலில் இடுப்பில் காஜா எலாஸ்டிக் போட்டுவிடுவேன். குழந்தைகள் பேன்ட்டில் வருமே, வரிசையாகத் துளை வைத்த எலாஸ்டிக், உள்ளே ஒரு தட்டைப் பட்டனில் மாட்டிக்கொள்வது. அதிலேயே ஆறாம் மாதம் வரை ஓடிவிடும். அப்புறம் வயிற்றை முழுவதும் மூடுகிற பனியன் துணித் துண்டு. திருப்பூர்த் துணி கிலோ கணக்கில் விற்கிறார்கள், அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு லைக்ரா கலந்த பருத்தி பாருங்கள். வாங்கும்போது 10 சென்டிமீட்டர் அளவைப் பிடித்து 15 வரை இழுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து விடுங்கள். திரும்பப் பழைய அளவுக்கு வர வேண்டும். தளர்ந்தே நின்றால் அந்தத் துணி மதியத்துக்குள் இடுப்பிலிருந்து இறங்க ஆரம்பிக்கும். இழுவை குறுக்கு வாக்கில் வரும்படி வெட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு மாட்டுகிற இடுப்புத் துண்டைப் பலரும் யோசிப்பதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், அதாவது 2019–21-இல், தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்டப் பாதிப் பேர். தையல் பெரும்பாலும் அடிவயிற்றில், சாதாரண பேன்ட்டின் எலாஸ்டிக் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வரும். கருப்பை பழைய அளவுக்குத் திரும்பவே ஆறு வாரம் போல ஆகும். பிரசவம் ஆனதும் ஐந்து மாத வயிறு மாதிரி இருந்து, மெல்ல மெல்லத்தான் வடியும். ஆகவே மூன்றாம் துண்டு தொப்புளுக்கு மேலே ஏறி, மென்மையாகப் பிடிக்க வேண்டும். கீழே எந்த மடிப்பும் பட்டனும் தழும்பில் படக் கூடாது. இடுப்புத் துண்டைக் காலோடு இணைக்கிற பட்டனை முன்பக்கம் வைக்காமல் இரண்டு இடுப்பெலும்புக்கும் வெளியே வையுங்கள். முன்னால் வெறும் மடிப்புப் பைக்குள் செருகிக்கொள்வது போதும்.

கழிவறை விஷயத்தையும் மனதில் வைத்துத்தான் தைக்க வேண்டும். கடைசி மாதங்களில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், அவசரமாகவும் போக வேண்டியிருக்கும். அதற்காக ஒரு பட்டனைக்கூட அவிழ்க்க வேண்டி வரக் கூடாது. பிரிக்கிற இணைப்பெல்லாம் அலமாரி முன்னால் நின்று நிதானமாகச் செய்கிற வேலையாக இருக்க வேண்டும். வெளியில் இருக்கும்போது அது தைத்த உடை போலவே நடந்துகொள்ள வேண்டும். பால் கொடுப்பதற்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே மேல்பாகத்தின் ஒரு பக்கத்து இரண்டு பட்டனை ஒரே கையால் அவிழ்க்க வர வேண்டும், இன்னொரு கையில் குழந்தை இருக்கும். மேல்பாகம் நடுத்துண்டின் மேல் 3 அங்குலம் படிந்திருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் தூக்கினால் போதும், வயிறு வெளியே தெரியாது. துணியைக் கொடுக்கும் முன், ஒரு கையில் தலையணையை ஏந்திக்கொண்டு மறு கையால் திறந்து மூடிப் பார்க்கச் சொல்வேன். அந்த இரண்டு காஜாவையும் மட்டும் ஒரு நூல் அளவு தளர்த்தி எடுக்கலாம்.

கையைப் பொறுத்தவரை கழற்றி மாட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அக்குளில் பட்டன் வைத்தால் உறுத்தும், வியர்க்கும். ஒவ்வொரு செக்கப்பிலும் மேற்கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அதற்குக் கையைத் தளர்வாக முழங்கைக்கு மேலே நிறுத்திவிட்டால் போதும்.

வளைகாப்பு முடிந்த பெண்களுக்கு இன்னொரு கவனம் தேவை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ போட்டுவிட்ட கண்ணாடி வளையலைப் பலர் பிரசவம் வரைக்கும் கழற்ற மாட்டார்கள். நூல் வளையம், தொங்கும் நாடா, லேஸ் நுனி எதுவானாலும் அதில் வளையல் சிக்கும். வளையல் உடைந்தால் கையும் கிழியும், வீட்டில் பெரியவர்கள் மனசும் கஷ்டப்படும். கை போய்வருகிற இடுப்புப் பக்கத்தில் இந்த மாதிரி எதுவும் இல்லாமல் பட்டனை மறைவுப் பட்டிக்குள் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புடவை கட்டுகிறவர்களுக்குப் பிளவுஸ்தான் தொல்லை. நம் தையல்காரர்கள் உள்ளே துணி விட்டுத் தைத்து, தேவைப்படும்போது பிரித்துவிடுவது வழக்கம். அந்த அளவு மார்புக்கு ஒன்று ஒன்றரை அங்குலம் கொடுக்கும். அதற்குமேல் வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பட்டைத் துண்டு வைக்கிறேன். மேலே ஓர் அங்குலம், கீழே இரண்டரை அங்குலம் அகலம், இரண்டு பக்கமும் ஹூக் வரிசை. துண்டை எடுத்துவிட்டால் ஹூக் நேரடியாக மறுபக்கத்தில் மாட்டி, பழைய அளவு பிளவுஸ் ஆகிவிடும். படுக்கும்போது பிளவுஸ் போடுவதில்லை என்பதால் பக்கத் தையலில் இணைப்பு இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவர் பள்ளிக்கூடத்துக்குப் புடவைதான் கட்டுவார். தன் பழைய பிளவுஸ்களையே கொண்டுவந்து இப்படி மாற்றிக்கொண்டு போனார். துண்டைப் புடவைக்கு ஏற்ற நிறத்தில் தேடி அலைய வேண்டாம். முந்தானை மூடிக்கொள்ளும் பக்கம் ஒன்று, கைக்கு அடியில் மறைகிற பக்கம் இன்னொன்று. நிறம் சற்று வேறாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது.

தைக்கக் கொடுக்கிறவர்களுக்குச் சொல்வது, எல்லாத் துண்டையும் முதலிலேயே தைத்து வாங்கிவிடாதீர்கள். பாடியும் முதல் துண்டும் நாலாம் மாதம். இரண்டாம் துண்டுக்கு ஆறாம் மாதக் கடைசியில் மறுபடி வந்து அளவு கொடுங்கள். ஒருவருக்கு வயிறு கூர்ந்து வரும், ஒருவருக்கு அகன்று நிற்கும், இரட்டைப் பிள்ளை என்றால் கணக்கே வேறு. கூலி விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். பட்டி, காஜா வேலை அதிகம் என்பதால் ஒரு பாடியும் மூன்று துண்டும் சேர்ந்து இரண்டு சாதாரண குர்த்தி தைக்கிற கூலிக்கு வந்துவிடும். தையல்காரர்கள் இதைக் குறைத்து வாங்காதீர்கள். ஒவ்வொரு காஜாவுக்கும் நேரம் போகிறது. பிரசவம் முடிந்து ஒரு வருஷம் ஆனபின் இரண்டு பட்டியையும் ஒரு நேரான நடுத்துண்டோடு சேர்த்துத் தைத்துவிட்டால் அது என்றைக்கும் போடுகிற குர்த்தி ஆகிவிடும் என்பதையும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். கூலி அதற்கும் சேர்த்துத்தான் என்று புரிந்துகொள்வார்கள்.

மூன்றாம் துண்டு, அதாவது பால் கொடுக்கிற துண்டு, சில வீடுகளில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள மாட்டார்கள். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் தயார் செய்து வைப்பது பெரியவர்களுக்குப் பிடிக்காது. ஒரு மாமியார், "முதல்ல நல்லபடியா பொறக்கட்டும்மா, அப்புறம் தைச்சுக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்குத் துணியை வெட்டி, ஓரம் அடித்து, ஃபிலிம் பட்டையோடு அதே கவரில் போட்டு வைத்துவிடுவேன். பிறந்த செய்தி வந்ததும் காஜா எடுத்துப் பட்டன் வைப்பது மட்டும்தான் பாக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் யாராவது வந்து வாங்கிப் போய்விடுவார்கள்.